இடப்பக்கம் இழுத்த வண்டி

இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக அந்தப் பழைய பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் அப்போது ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. சாவியைத் திருப்பிய பிறகும் இரண்டு தடவை முனகிவிட்டுத்தான் அடங்கும் எஞ்சின் அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தங்கை புருஷனின் வண்டி.

"மச்சான், இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள. கால் தெரியுதில்ல?"

"இன்னும் இழுக்குது மச்சான்."

மெக்கானிக் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே ஒரு கால் மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. காலையிலிருந்து நான்கு வண்டி முடிந்திருந்தது. வலது தோள்பட்டை ஒரு மாதமாகவே அவர் பேச்சைக் கேட்பதில்லை. பட்டறையில் கூட இருந்த கூட்டாளி, "இனிமே முடியாதுப்பா" என்று போன வருஷம் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அதிலிருந்து இவர் தனி ஆள். எஞ்சின் வேலை எடுப்பதில்லை. சக்கரம், டயர், ஸ்டியரிங் அவ்வளவுதான். சக்கரங்களை நேராக நிறுத்தும் அலைன்மென்ட் வேலையில் கைராசிக்காரர் என்று பெயர். வாடிக்கையாளர்கள் அவரை 'நேர்கோட்டார்' என்று கூப்பிடுவார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்தது, இப்போது அதுவே பெயராகிவிட்டது.

மாப்பிள்ளை கண்ணாடி ஏற்றுகிறவர். கண்ணாடிக் கடையிலிருந்து ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, ஆளுயர நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் கட்டுகிற வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். வண்டியின் பின்பக்கம் கூடாரம் மாதிரி சாய்வாக ஒரு மரச்சட்டம். அதில் கம்பளித் துணி சுற்றிக் கண்ணாடிகளைச் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டுவார். இருபத்திரண்டு வருஷப் பழைய வண்டியில் இருபது வருஷமாக அதைச் செய்கிறார். உடைந்த கண்ணாடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் தடவை வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று வந்தபோது, மெக்கானிக் மெஷினைப் பூட்டி முன்சக்கரங்களின் கோணத்தை அளந்தார். இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று நேராகப் பார்க்காமல் கொஞ்சம் விலகியிருந்தன. சரிசெய்து, எல்லாம் சரி என்று பச்சைக் கோடு போட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் அதே கோணம் கொஞ்சம் விலகியிருந்தது. மறுபடியும் சரிசெய்தார், மறுபடியும் ஒரு தாள். இப்போது மூன்றாவது தடவை.

காலையில் தங்கை போனில் ஒரு பாட்டம் தீர்த்திருந்தாள். "அண்ணா, அந்த வண்டிய நீ என்னதான் பாக்கற? ஊருக்கெல்லாம் சரி பண்ணித் தர்ற, எங்க வண்டின்னா மட்டும் உனக்கு இளக்காரமா? நாள் பூரா ஸ்டியரிங்க வலது பக்கமா இழுத்துப் புடிச்சு புடிச்சு அவருக்கு விரலே மடங்க மாட்டேங்குது. நேத்து சட்டை பட்டன் நான்தான் போட்டுவிட்டேன்."

"இன்னிக்கு அனுப்பு. பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். தங்கையிடம் அவர் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர்களுடைய அம்மா மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷமும் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, ராத்திரியில் நாலு தடவை எழுந்து பார்த்துக்கொண்டதெல்லாம் தங்கைதான். இவர் ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே அவள் என்ன சொன்னாலும் இவருக்குத் திருப்பிப் பேச வாய் வராது.

காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, தரையில் கை ஊன்றி எழுந்தார். மாப்பிள்ளை வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன மாப்ள, நீங்களும் என்னை மாதிரியே ஆயிட்டீங்க?"

"தூக்கம் சரியில்ல மச்சான். வேற ஒண்ணுமில்ல."

"சாவியக் குடுங்க. ஓட்டிப் பாப்போம்."

கிடங்குகளுக்குப் பின்னால் மேடு பள்ளம் இல்லாத ஒரு நீளமான சாலை உண்டு. மெக்கானிக் எல்லா வண்டியையும் அங்கேதான் ஓட்டிப் பார்ப்பார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வேகத்தைக் கூட்டி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் வண்டி இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. அவசரமாகப் பிடித்துத் திருப்பினார். பிறகு பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதித்தால் கூடுதலாக இழுக்கவில்லை. அப்படியானால் பிரேக் இல்லை.

மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் பேசாமல் வந்தார். பொதுவாக அவர் வாய் ஓயாத ஆள். கண்ணாடி இறக்கும் வீடுகளில் நடக்கும் சண்டைகளை அபிநயம் பிடித்துச் சொல்லுவார். ஒரு வீட்டில் நிலைக்கண்ணாடியை மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர் அதில் தன்னைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், வேற கொண்டு வாங்க" என்று சொன்ன கதையை மெக்கானிக் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். இன்றைக்கு ஒன்றும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான்கு டயரிலும் காற்று பார்த்தார். சரியாக இருந்தது. முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு. ஏதாவது ஒரு பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கொதிக்கும். இல்லை. இடது டயரின் உள் ஓரம் மட்டும் சீவிவிட்டதுபோல் தேய்ந்திருந்தது. ஒருவேளை டயரே காரணமாக இருக்குமோ என்று இடது டயரை வலப்பக்கமும், வலது டயரை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டி, மறுபடியும் அந்தச் சாலைக்குப் போய் ஓட்டிப் பார்த்தார். டயர் குற்றமாக இருந்தால் இப்போது வண்டி வலது பக்கம் இழுக்க வேண்டும். பழையபடியே இடது பக்கம்தான் போனது.

திரும்பி வந்து ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். பிறகு பக்கவாட்டில் ஆட்டினார். சக்கரத்தை இணைக்கும் பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்தது. ஸ்டியரிங் கம்பிகளில் ஆட்டமில்லை. பேரிங்கில் சத்தமில்லை. எங்கேயாவது ஒரு தளர்ச்சி இருந்தால், மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் அவர் உடம்புக்குச் சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது.

மெஷினை மறுபடியும் பூட்டினார். திரையில் முதலில் வந்தது பழைய கதைதான், அந்தக் கோணம் கொஞ்சம் விலகியிருந்தது. அடுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கமும் வலது பக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லி ஒரு கட்டளை வந்தது. சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அல்லவா, அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. நாலு சக்கர வண்டிக்கும் அதே சாய்வு உண்டு. அதை அளக்கத்தான் இந்தத் திருப்பல். பத்து நிமிஷம் பிடிக்கிற வேலை. வேண்டாம் என்றால் தாண்டிப் போகவும் ஒரு பொத்தான் உண்டு.

அவருடைய விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

போன இரண்டு தடவையும் அவர் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தியிருந்தார். முதல் தடவை வாசலில் மூன்று வண்டிகள் காத்திருந்தன. இரண்டாவது தடவை யாரும் காத்திருக்கவில்லை. தோள் வலித்தது, அவ்வளவுதான்.

இப்போது திருப்பினார். இடது, நடு, வலது. எண்கள் வந்தன. வலது சக்கரத்தில் மூன்று டிகிரி சாய்வு. இடது சக்கரத்தில் முக்கால் டிகிரிகூட இல்லை. எந்தப் பக்கம் சாய்வு குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இது தொழிலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம்.

"மாப்ள, இந்த டேப்போட முனையப் புடிங்க. பின்சக்கரத்துக்கு நடுவுல வைங்க."

முதலில் வலது பக்கம் அளந்தார்கள். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து முன்சக்கரத்தின் மையம் வரை. எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு இடது பக்கம்.

"ஆட்டாம புடிங்க மாப்ள."

"ஆட்டல மச்சான்."

மெக்கானிக் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் இடது பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் குறைந்தது. முன்சக்கரம் கிட்டத்தட்ட ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தது. தேய்மானத்தால் சக்கரம் பின்னால் போகாது. எதிலாவது இடித்தால்தான் போகும்.

கை விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். வண்டியின் அடிச்சட்டம் முழுக்கத் துருவும் காய்ந்த சேறும். ஆனால் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு சாண் அளவுக்குக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. பிரஷ்ஷின் மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். உள்ளே இரும்பு, மடித்துப் பிரித்த காகிதம் மாதிரி சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். கோணத்தை எத்தனை தடவை சரிசெய்தாலும் மறுபடி மறுபடி விலகியதற்குக் காரணம் அதுதான். லோடு ஏற ஏற அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

வெளியே வராமலே கேட்டார். "மாப்ள, இங்க யாரு பெயின்ட் அடிச்சது?"

"எங்க மச்சான்?"

"குனிஞ்சுகூட பாக்காம 'எங்க'ன்னு கேக்கறீங்களே."

"பழைய வண்டிதானே. துரு ஏறுதேன்னு நான்தான்..."

"வண்டி பூரா துரு. இந்த ஒரு சாண் இடத்து மேல மட்டும் உங்களுக்குப் பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சாக்கும்."

வேறு நாளாக இருந்தால் மாப்பிள்ளை சிரித்திருப்பார். மெக்கானிக் வெளியே வந்தபோது, அவர் பழைய டயர்களின் அடுக்குமேல் உட்கார்ந்திருந்தார். டேப்பை இன்னும் கையில் வைத்திருந்தார். அதை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"எதுல இடிச்சீங்க?"

"கல்லுல."

"எந்தக் கல்லுல?"

மாப்பிள்ளை டேப்பைக் கீழே வைத்தார். "பஸ் ஸ்டாப்புல" என்றார்.

மெக்கானிக் ஸ்டூலை அவருக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசம் இருக்கும். மத்தியானம் பன்னெண்டு மணி. நாலு கண்ணாடி ஏத்திட்டுப் போறேன். நல்லாத்தான் ஓட்டிட்டுப் போனேன் மச்சான். தூக்கமெல்லாம் இல்ல. சிக்னல் தாண்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒரு சத்தம். முழிச்சுப் பாத்தா வண்டி பஸ் ஸ்டாப்புக்குள்ள நிக்குது. கம்பத்துக்கு அடியில சிமென்ட் கட்டியிருப்பாங்கள்ல, அதுல முன்சக்கரம் முட்டி நிக்குது. நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியல. விளக்க அணைச்ச மாதிரி போயிடுச்சு."

"யாராவது..."

"யாரும் இல்ல. பெஞ்சுல ஒரு பை மட்டும் இருந்துச்சு." மாப்பிள்ளை இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டார். "ஒரு துணிப்பை. அந்தம்மா அத வெச்சுட்டு எதிர்க் கடைக்கு ஏதோ வாங்கப் போயிருக்காங்க. ஓடி வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு பாத்தா, 'அடி பட்டுச்சா தம்பி?'ன்னு கேட்டு தண்ணி பாட்டில நீட்டறாங்க. நான் குடிச்சேன். அவங்க பைய எடுத்துட்டு அதே பெஞ்சுல உக்காந்தாங்க. வண்டியோட மூஞ்சிக்கும் அந்தப் பெஞ்சுக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் மச்சான். கண்ண மூடினா அந்தப் பைதான் தெரியுது."

வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். மெக்கானிக் திரும்பிப் பார்க்காமலே, அப்புறம் வாருங்கள் என்று கையை ஆட்டினார்.

"அது ஒரு தடவதானா?"

"ஒரு தடவதான்."

"மாப்ள."

"மூணு தடவ. ஒண்ணு வீட்டு பாத்ரூம்ல. அவ வேலைக்குப் போயிருந்தா. இன்னொண்ணு சிக்னல்ல நிக்கறப்ப. பின்னாடி வண்டிக்காரன் கத்தித்தான் முழிச்சேன்."

"டாக்டர்?"

"போகல."

மெக்கானிக் எழுந்தார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையை அவர் 'நீங்க' தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. "நீ என்ன மனுஷன்யா?" என்றார். "கண்ணாடிய ஏத்திக்கிட்டு, விரிசல் விட்ட வண்டியில, எப்ப விழுவேன்னு தெரியாம ரெண்டு மாசமா ரோட்ல சுத்திக்கிட்டு இருக்கியே. உனக்குக் கொஞ்சமாவது..."

"டாக்டர்கிட்ட போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும் மச்சான்? இருபது வருஷமா இதத்தான் செய்யறேன்." மாப்பிள்ளையும் எழுந்து நின்றார். "அத விடுங்க. உங்க தங்கச்சி மூணு வருஷம் அத்தைய வெச்சுப் பாத்தா. நாலு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு, கடைசில தூக்கம்னா என்னன்னே அவளுக்கு மறந்து போச்சு. இப்ப ஒரு வருஷமாத்தான் படுத்தா விடியற வரைக்கும் தூங்கறா. நான் வேற போய் அவ முன்னாடி விழணுமா? சாவியக் குடுங்க. அந்த எடத்த அடிச்சு நிமித்த எங்கயாவது குடுத்துக்கறேன். திங்கக்கிழமை லோடு இருக்கு."

"தரமாட்டேன்."

"என் வண்டி."

"தரமாட்டேன் மாப்ள."

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "ரெண்டு தடவ நீங்கதான பாத்தீங்க? சரியாயிருக்குன்னு தாளும் குடுத்தீங்க. வீட்ல போய் அந்தத் தாளப் பாத்துட்டு, சரி, பெருசா ஒண்ணும் இல்ல போலன்னு நானும் நம்பினேன். பெயின்ட் அடிச்சது தப்புத்தான். ஆனா உங்க மெஷினுக்குக்கூடத் தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் மெஷின் திரையைத் திரும்பிப் பார்த்தார். மறைக்கலாம். இரண்டு தடவையும் மெஷின் காட்டவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "நான் கேக்கல. அந்த அளவ எடுக்காமலே தாண்டிப் போயிட்டேன். ரெண்டு தடவையும். அலுப்பா இருந்துச்சு. முதல் தடவையே எடுத்திருந்தா அன்னிக்கே உங்கள உக்கார வெச்சுக் கேட்டிருப்பேன்."

காற்றடிக்கும் கம்ப்ரஸர் தானாக ஓடி, தானாக நின்றது.

"தங்கச்சிய வரச் சொல்றேன்" என்றார் மெக்கானிக். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஆனா இன்னிக்குச் சொல்லணும்."

மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடியும் டயர்களின்மேல் போய் உட்கார்ந்தார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

தங்கை சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை அரை நாள். பஸ் பிடித்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். சுடிதாரின் தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அண்ணன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் சண்டையா? வண்டிக்காகவா?"

மாப்பிள்ளை சொன்னார். மெக்கானிக்கிடம் சொன்னதைவிடச் சின்னதாகச் சொன்னார். பையைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் மூன்று தடவை என்பதைச் சொன்னார், பெயின்ட் அடித்ததைச் சொன்னார். ஏன் மறைத்தார் என்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தங்கை கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஜாக்கியில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு, "நான் தூங்கணும்னு நீங்க ரோட்ல தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை டயர்களின் மேலிருந்து எழுந்தார்.

"மூணு வருஷம் அம்மாவப் பாத்துக்கிட்டவ நான். பீ மூத்திரம் அள்ளியிருக்கேன். எனக்குப் பயமா? நீங்க எங்க விழுந்தீங்கன்னு எவனோ ஒருத்தன் போன் பண்ணிச் சொல்றதுதான் எனக்குப் பயம்." அவள் குரல் ஏறவே இல்லை. "பாத்ரூம்ல விழுந்தீங்களே, தலையில அடிபட்டுக் கெடந்திருந்தா? நான் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கதவத் தட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"அழாதே" என்றார் மாப்பிள்ளை.

"யாரு அழறா? நீங்கதான் அழறீங்க."

உண்மைதான். மாப்பிள்ளை தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா" என்று மெக்கானிக் ஆரம்பித்து, பொத்தான் கதையைச் சொன்னார். தங்கை அதைக் கேட்டுவிட்டு அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவின் கட்டிலைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"உன் தோளையும் காட்டணும்" என்றாள். "கைய தூக்க முடியாம தூக்கற, நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன். கிளம்பு. மூணு பேரும் போவோம். இவர நான் மட்டும் கூட்டிட்டுப் போனா வழியில ஏதாவது சொல்லித் தப்பிச்சுடுவாரு."

மெக்கானிக் பட்டறையை இழுத்துச் சாத்தினார். நடுப்பகலில் அவர் ஷட்டரை இறக்கி யாரும் பார்த்ததில்லை. எதிர்க் கடைக்காரர், "நேர்கோட்டாரே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். மூவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மாப்பிள்ளை பெஞ்சில் உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக நின்றுகொண்டார். ஏன் என்று தங்கைக்குத் தெரியவில்லை. மெக்கானிக் போய் அவர் பக்கத்தில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டாவது நாள் விடியற்காலையில் அவருடைய இதயம் நாலரை விநாடி நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. தாளில் அந்த இடம் மட்டும் வெறும் கோடாக இருந்தது. டாக்டர் அதைச் சுட்டிக்காட்டி, "இதுதான்" என்றார். மாப்பிள்ளைக்குப் பயத்தைவிட ஆறுதல்தான் அதிகம் இருந்ததாகத் தங்கை பிறகு சொன்னாள். ஏதோ தன்னுடைய கவனக்குறைவு என்றே அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், சின்னதாக ஒரு கருவி வைத்தார்கள். இதயம் நின்றால் அது தட்டி எழுப்பும். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது. வண்டி ஓட்டுவதைப் பற்றி ஆறு மாதம் கழித்துத்தான் பேச முடியும், அதுவும் லோடு வண்டி என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மெக்கானிக்கின் தோளுக்கு மூன்று பயிற்சிகளும் ஓய்வும் எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சிகளை அவர் செய்தார்.

வண்டியை அடிச்சட்டம் நிமிர்த்தும் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி பூட்டி இழுத்து, விரிசலை வெல்டு வைத்து, மேலே ஒரு தகடும் போட்டு அனுப்பினார்கள். பத்து நாளில் திரும்பி வந்தது. மெக்கானிக் டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மெஷினைப் பூட்டி, இடது, நடு, வலது என்று பொறுமையாகத் திருப்பி எல்லா அளவையும் எடுத்தார். கிடங்குச் சாலையில் கையை விட்டுப் பார்த்தார். இருபது எண்ணும் வரை வண்டி நேராகப் போனது. சந்தோஷப்படலாம் என்று நினைத்தார். ஆனால் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததோடு சரி.

கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனுஷர். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் யாரும் காத்திருக்க மாட்டார்கள். நம்பிக் கண்ணாடியை ஒப்படைக்கிற மாதிரி ஒரு டிரைவர் கிடைக்கும் வரை, வாரத்தில் மூன்று காலை மெக்கானிக்கே வண்டியை ஓட்டினார். ஏற்றி இறக்கக் கடையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். பட்டறையைப் பதினோரு மணிக்குத்தான் திறந்தார். அலைன்மென்ட்டுக்கு வந்தவர்களிடம் எல்லா அளவையும் எடுக்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றதால் வரிசை இன்னும் நீண்டது. "நேர்கோட்டாருக்கு வயசாயிடுச்சு, கை மெதுவாயிடுச்சு" என்று வெளியே பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம், வீட்டில் உட்கார முடியவில்லை என்று மாப்பிள்ளையும் கூட வந்தார். சட்டைக்குள் கட்டு தெரிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். இங்கே மெதுவாக, அங்கே பள்ளம், இந்தத் தெருவில் பெரிய கண்ணாடி திரும்பாது, சுற்றித்தான் போகணும். மெக்கானிக் சொன்னபடி ஓட்டினார். ஸ்டியரிங் லேசாக இருந்தது. கழுத்தும் முதுகும்தான் கனத்தன.

முதல் வீட்டில் மூன்றாவது மாடி. ஆட்கள் கண்ணாடியைப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருவரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, நிலைக்கண்ணாடியை வேண்டாம் என்ற வீட்டுக்காரர் கதையைச் சொன்னார். மெக்கானிக் பதினோராவது தடவையாகச் சிரித்தார்.

"கஷ்டமா இருக்கா மாப்ள? பக்கத்துல உக்காந்து வர்றது?"

மாப்பிள்ளை யோசித்தார். "நீங்க பிரேக் போடறப்பல்லாம் என் காலும் கீழ அமுக்குது மச்சான். அங்க ஒண்ணுமில்லன்னு தெரியும். ஆனாலும் அமுக்குது."

ஆட்கள் இறங்கி வந்து பின்னால் ஏறிக் கூரையைத் தட்டினார்கள். மெக்கானிக் வண்டியை எடுத்தார். அடுத்த வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு ஜன்னல், ஒரு கதவு.